உறங்கும் எச்ஐவியும் செல்லின் எரிபொருளும்: 2-டிஜி முடிவை எப்படிப் படிப்பது?

இளவெயில் (கேள்வி)

வணக்கம். கூட்டு மருந்து சிகிச்சையில் பல ஆண்டுகள் இருந்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியவர்களிடமும், மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் எச்ஐவி திரும்பி வந்துவிடுகிறது. ஓய்வுநிலை நினைவு சிடி4 டி செல்களின் (நோய் எதிர்ப்பு செல்களில் ஒரு வகை) டிஎன்ஏவோடு பிணைந்து பதுங்கியிருக்கும் புரோவைரஸ்தான் காரணம். இதுவரை புரிகிறது. வளர்சிதை மாற்றம் என்று வரும்போதுதான் மூன்று இடத்தில் மாட்டிக்கொள்கிறேன்.

1) எரிபொருளை நன்றாக எரிக்கும் செல்களைத்தான் வைரஸ் பிடிக்கிறது என்று படிக்கிறேன். ஆனால் தேக்கம் (அதாவது பதுங்கிய வைரஸின் இருப்பு) இருப்பதோ எரிப்பு மிகக் குறைந்த செல்களில். இரண்டும் எப்படிப் பொருந்தும்?

2) ஜே-லாட் 10.6 செல்களுக்கு (உறங்கும் எச்ஐவியைச் சுமக்கும் ஆய்வகச் செல்வரிசை; வைரஸ் விழித்தால் ஜிஎஃப்பி என்ற பச்சைப் புரதம் ஒளிரும்) 10 மில்லிமோலார் 2-டிஆக்ஸிகுளுக்கோஸ் (குளுக்கோஸ் போலிருந்து அதன் எரிப்பைத் தடுக்கும் பொருள், இனி 2-டிஜி) 48 மணி நேரம் கொடுத்து, பிறகு வைரஸை எழுப்பும் டிஎன்எஃப்-ஆல்ஃபா 10 நானோகிராம்/மிலி சேர்த்தால், ஜிஎஃப்பி ஒளிரும் செல்களின் சதவீதம் விழுகிறது. எம்டிடி என்ற நிறமாற்றச் சோதனையில் உயிர்த்திறனும் விழுகிறது. ஊடகம் வழக்கமான ஆர்பிஎம்ஐ, 10% கன்றுச் சீரம். "கிளைக்கோலிசிஸ் (குளுக்கோஸை உடைக்கும் முதல் கட்டம்) இல்லாமல் வைரஸ் விழிக்காது" என்று எழுதலாமா?

3) நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மின், எதிர்ப்பாற்றலை அடக்கும் ராபமைசின் இரண்டும் தேக்கத்தைக் குறைக்கும் என்று பேச்சு அடிபடுகிறது. மனிதர்களில் என்ன தெரியும்?

கருவளை

முதல் கேள்விக்குக் காலவரிசையில்தான் விடை இருக்கிறது. தொற்று ஏற்படும் நேரத்தில் செல் இருந்த நிலை வேறு, தேக்கமாக நாம் அதைக் கண்டெடுக்கும் நேரத்தில் இருக்கும் நிலை வேறு. தூண்டப்பட்ட செல் தொற்றுக்கு ஆளாகிறது. பெரும்பாலானவை சில நாட்களில் செத்துவிடுகின்றன. சாகாமல் தப்பியவற்றில் ஒரு சிறு பங்கு நினைவு செல்லாக மாறி ஓய்வுக்குத் திரும்பும்போது, புரோவைரஸும் அதோடு சேர்ந்து அடங்குகிறது. குரங்குகளில் எஸ்ஐவி (எச்ஐவியின் குரங்கு உறவு) தொற்றிய 3 நாட்களுக்குள் சிகிச்சை தொடங்கியும், பின்னால் மருந்தை நிறுத்தியபோது வைரஸ் திரும்பியது. அவ்வளவு சீக்கிரம் தேக்கம் உருவாகிவிடுகிறது.

அடுத்து, ஓய்வு செல்லுக்குள் வைரஸ் ஏன் நேரடியாக வேரூன்ற முடிவதில்லை? வைரஸின் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்ற டிஎன்டிபி (டிஎன்ஏவின் கட்டுமானக் கற்கள்) வேண்டும். ஓய்வு செல்லில் அது வறண்டு கிடக்கும். போதாததற்கு சாம்எச்டி1 என்ற நொதி, இருக்கிற டிஎன்டிபியையும் உடைத்துப் போடுகிறது. மைலாய்டு செல்களில் இதன் பங்கு 2011-இலும், ஓய்வு சிடி4 செல்களில் 2012-இலும் தெரியவந்தது. செல் பிரியத் தொடங்கும்போது சிடிகே1, சிடிகே2 நொதிகள் இதன் 592-ஆம் இடத்துத் திரியோனினில் பாஸ்பேட் ஒட்டுகின்றன; அப்போதுதான் வைரஸ் மீதான பிடி தளர்கிறது.

டிஎன்டிபி எங்கிருந்து வருகிறது என்று பின்னோக்கிப் போனால் எரிபொருளில்தான் போய் முட்டுவோம். குளுக்கோஸின் ஒரு பகுதி பென்டோஸ் பாஸ்பேட் வழியில் திரும்பி ரிபோஸ்-5-பாஸ்பேட் ஆகிறது. பியூரின், பிரிமிடின் வளையங்களுக்கான நைட்ரஜனில் பெரும்பங்கு குளூட்டமினிலிருந்து வருகிறது. இந்த இரண்டு உற்பத்தி வரிசைகளையும் ஓட்டும் மேற்பார்வையாளர் எம்டார் (எம்-டி-ஓ-ஆர்). அமினோ அமிலம் போதுமான அளவு இருக்கிறது என்ற செய்தி லைசோசோம் பரப்பில் கிடைத்தால் அது விழித்துக்கொள்ளும். எஸ்6 கைனேஸ் வழியாக, பிரிமிடின் தயாரிக்கும் சிஏடி நொதியை முடுக்கும்.

இங்கே ஒரு பொதுவான தவறைச் சொல்லிவிடுகிறேன். "வளர்சிதை மாற்றம்" என்றதும் எல்லோரும் குளுக்கோஸையே பிடித்துக்கொள்கிறார்கள். 2019-இல் நேச்சர் மெட்டபாலிசம் இதழில் வந்த ஆய்வு, தூண்டப்பட்ட சிடி4 செல்களில் சிட்ரிக் அமிலச் சுழற்சிக்கு முதன்மை எரிபொருள் குளூட்டமின்தான் என்று காட்டியது. குளூட்டமின் வழியை மட்டுப்படுத்தினால் தொற்றின் ஆரம்பக் கட்டங்கள் தடுமாறுகின்றன. குளூட்டமின் அந்தச் சுழற்சிக்குள் நுழையும் வடிவமான ஆல்ஃபா-கீட்டோகுளுட்டரேட்டை வெளியிலிருந்து கொடுத்தால் மீள்கின்றன. பைருவேட் லாக்டேட்டாகப் போவதைத் தடுத்தால் தொற்று குறையும் என்றுதான் யாரும் நினைப்போம். நடந்தது நேர்மாறு: மைட்டோகாண்ட்ரியா ஓட்டம் கூடி, தலைகீழ்ப் படியெடுப்பும் கூடியது. ஆகவே "கிளைக்கோலிசிஸைத் தடுத்தேன்" என்று எழுதும் எவரும் எந்தப் படியில் தடுத்தார்கள் என்று சொல்லியாக வேண்டும்.

அதே 2019-இல் பாஸ்டர் நிறுவனக் குழு செல் மெட்டபாலிசம் இதழில் இன்னொன்றைக் காட்டியது: செல்லின் மேற்பரப்பில் தூண்டல் அடையாளங்கள் இருக்கிறதோ இல்லையோ, கிளைக்கோலிசிஸும் மைட்டோகாண்ட்ரியா சுவாசமும் அதிகமுள்ள செல்களையே வைரஸ் தேர்ந்தெடுக்கிறது. சிடி25, எச்எல்ஏ-டிஆர் இல்லை என்பதற்காக ஒரு செல்லை வளர்சிதை அளவிலும் ஓய்வு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது இதன் நடைமுறைப் பொருள்.

விழிப்புக்கும் இதே கணக்குதான். ஓய்வு செல்லில் சைக்ளின் டி1 (ஆங்கில T) என்ற புரதம் குறைவு. சிடிகே9-உடன் அது சேர்ந்து படியெடுப்பை நீட்டிக்கும் பி-டெஃப்பி கூட்டு கிடைப்பதில்லை. அதனால் படியெடுப்பு தொடங்கினாலும் சிறிது தூரம் போய் நின்றுவிடுகிறது. 2016-இல் வந்த மரபணு வடிகட்டல் ஆய்வில், எம்டார் கூட்டுகள் 1, 2 இரண்டையும் தடுக்கும் டோரின்1 போன்ற மருந்துகள் சிடிகே9-இன் பாஸ்பேட்டைக் குறைத்து, புரோவைரஸ் விழிப்பதையே அடக்கின. உங்கள் மூன்றாவது கேள்விக்கும் இது முக்கியம்: எம்டாரைத் தடுப்பது வைரஸை ஒழிப்பதைவிட, தூக்கத்தை ஆழமாக்கும் வாய்ப்பே அதிகம்.

தட்டுக்கிணறு

இரண்டாவது கேள்விக்கு: இப்போதிருக்கும் தரவோடு அந்த வாக்கியத்தை எழுத வேண்டாம். காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எம்டிடியை முதலில் தூக்கிப் போடுங்கள். எம்டிடி நிறமாவதே செல்லின் என்ஏடிஎச், என்ஏடிபிஎச் (எலக்ட்ரான் சுமக்கும் மூலக்கூறுகள்) இருப்பைப் பொறுத்தது. 2-டிஜி அதைத்தான் குறைக்கிறது. உயிரோடிருக்கும் செல்லையும் செத்ததாகக் காட்டும். ரெசாசுரினுக்கும் இதே குறை. 7-ஏஏடி போன்ற, சவ்வு கிழிந்தால் மட்டும் உள்ளே போகும் சாயத்தையும், செத்துக்கொண்டிருக்கும் செல்லில் ஒட்டும் அனெக்சின் வி-யையும் வைத்து ஃப்ளோ சைட்டோமீட்டரில் எண்ணுங்கள். கூடவே செல்களின் முழு எண்ணிக்கையும் எடுங்கள். செத்தவை கரைந்து மறைந்துபோனால் சதவீதம் மட்டும் ஏமாற்றும்.

10 மில்லிமோலார் என்ற எண்ணுக்குத் தனியாக அர்த்தம் இல்லை. 2-டிஜி குளுக்கோஸோடு போட்டி போட்டு உள்ளே போகிறது. ஆர்பிஎம்ஐ-யில் குளுக்கோஸ் 11 மில்லிமோலார், உடலில் சுமார் 5. அதே 10 மில்லிமோலார் 2-டிஜி இந்த இரண்டு ஊடகங்களிலும் ஒரே மருந்தாக நடந்துகொள்ளாது. விகிதத்தைக் குறிப்பிடுங்கள், 5 மில்லிமோலார் குளுக்கோஸ் ஊடகத்தில் 0.5, 1, 2.5, 5, 10 என்று ஏறுவரிசையில் ஓட்டுங்கள். குளுக்கோஸ் இல்லாத ஊடகத்தை ஒப்பீட்டுக்கு வைத்தால் சீரத்தை டயலிசிஸ் செய்ததாக வாங்குங்கள். சாதாரண 10% சீரமே ஏறக்குறைய 0.5 மில்லிமோலார் குளுக்கோஸைக் கொண்டுவந்துவிடும்.

2-டிஜி கிளைக்கோலிசிஸை மட்டும் தொடுவதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. ஹெக்சோகைனேஸ் அதில் பாஸ்பேட் ஒட்டியதும் மேலே நகர வழியில்லாமல் தேங்கி நிற்கிறது. அது நாம் விரும்பும் விளைவு. ஆனால் அதன் உருவம் மேனோஸுக்கும் ஒத்துப்போவதால், புரதங்களில் சர்க்கரைச் சங்கிலி ஏற்றும் வேலையும் கெடுகிறது. எச்ஐவியின் உறைப் புரதம் ஜிபி120 சர்க்கரைச் சங்கிலிகளால் போர்த்தப்பட்ட ஒன்று. தொற்றுத்திறனை அளக்கும் சோதனை எதிலும் இது குறுக்கே வரும். டிஎன்எஃப் ஏற்பியும் சர்க்கரை ஏறிய சவ்வுப் புரதம்தான். 1 மில்லிமோலார் மேனோஸ் சேர்த்த கிணறுகளை இணையாக வையுங்கள். மேனோஸால் விளைவு மீண்டால், நீங்கள் பார்த்தது கிளைக்கோலிசிஸ் விளைவு ஆகாது. இன்னொரு சுயாதீன வழியும் வேண்டும்: குளுக்கோஸுக்குப் பதில் 10 மில்லிமோலார் காலக்டோஸ். அது கிளைக்கோலிசிஸுக்குள் மெதுவாகவே நுழைவதால் செல் மைட்டோகாண்ட்ரியாவை நம்பிப் பிழைக்க வேண்டிவரும்.

ஜிஎஃப்பி குறைவது எதைக் குறிக்கிறது? படியெடுப்பு நின்றதாக இருக்கலாம், ஏடிபி இல்லாமல் புரதத் தயாரிப்பு படுத்ததாகவும் இருக்கலாம். 48 மணி நேர முன்சிகிச்சைக்குப் பிறகு இரண்டையும் பிரிக்க முடியாது. 2-டிஜியையும் டிஎன்எஃப்-ஐயும் ஒன்றாகச் சேர்த்து 4 முதல் 6 மணி நேரத்தில் ஆர்என்ஏ எடுங்கள். வைரஸ் படியின் தொடக்கத்திலுள்ள டிஏஆர் பகுதி, அதைத் தாண்டி நீண்ட படி, பாலி-ஏ முடிந்த படி, பலமுறை வெட்டி ஒட்டிய டாட்-ரெவ் படி எனத் தனித்தனி பிரைமர் போட்டால் தடை எங்கே என்று தெரியும். டிஏஆர் மாறாமல் நீண்ட படி மட்டும் விழுந்தால் கருவளை சொன்ன பி-டெஃப்பி தடை. நான்கும் மாறாமல் ஜிஎஃப்பி மட்டும் விழுந்தால் புரதத் தயாரிப்பு.

கடைசியாக, ஜே-லாட். இது ஜர்காட் என்ற ரத்தப்புற்று டி செல்வரிசையின் வாரிசு. ஜர்காட்டில் பிரேக் போடும் பிடென், ஷிப்1 புரதங்கள் இரண்டும் இல்லை. அதனால் பிஐ3கே-ஏகேடி-எம்டார் பாதை எப்போதும் திறந்தே கிடக்கும். ஒன்றிரண்டு நாளில் இரட்டிக்கும் புற்றுசெல் அது. புரோவைரஸ் உறங்குகிறது, செல் உறங்கவில்லை. படியெடுப்பு இயந்திரத்தைப் படிக்க நல்ல கருவி. ஓய்வு செல்லின் எரிபொருள் பற்றிப் பேச அது பொருத்தமான சாட்சி இல்லை.

இளவெயில்

மிக்க நன்றி, இருவருக்கும். மேனோஸ் விஷயம் யோசிக்கவே இல்லை. அப்படியென்றால் முதன்மை செல்களுக்குப் போக வேண்டும். ஆனால் சிகிச்சையில் இருப்பவரிடம், விழித்துப் பெருகக்கூடிய வைரஸைச் சுமக்கும் செல் பத்து லட்சம் ஓய்வு சிடி4 செல்களுக்கு ஒன்று என்ற அளவில்தானே கிடைக்கும். சீஹார்ஸில் (செல்லின் சுவாசத்தையும் அமில வெளியீட்டையும் அளக்கும் கருவி) என்ன அளக்க முடியும்?

தட்டுக்கிணறு

அந்த ஒரு செல்லை அளக்க முடியாது. சீஹார்ஸ் கொடுப்பது கிணற்றிலுள்ள மொத்தக் கூட்டத்தின் சராசரி; அதில் 99.9999% விழித்துப் பெருகக்கூடிய வைரஸ் இல்லாத செல். "எச்ஐவி உள்ளவர்களின் சிடி4 செல்கள்" என்று எழுதலாம், "தேக்க செல்கள்" என்று எழுதக் கூடாது.

மொத்தக் கூட்டத்தை அளக்க வேண்டுமென்றால்: ஓய்வு டி செல் கிணற்றுக்கு 2 முதல் 4 லட்சம், தூண்டியது 1 முதல் 2 லட்சம் (96 கிணற்றுத் தட்டு). மிதக்கும் செல் என்பதால் பாலி-டி-லைசின் பூசி, 200 ஜி-யில் 1 நிமிடம், பிரேக் இல்லாமல் சுழற்றி அடியில் ஒட்டுங்கள். தாங்கல் கரைசல் இல்லாத ஊடகம், பிஎச் 7.4, கார்பன் டை ஆக்சைடு இல்லாத 37 டிகிரி அடைகாப்பில் 45 முதல் 60 நிமிடம். மைட்டோகாண்ட்ரியாவைத் தடுக்கும் ஒலிகோமைசின் 1 முதல் 1.5 மைக்ரோமோலார், ரோட்டினோன், ஆன்டிமைசின் ஏ தலா 0.5. சுவாசத்தை உச்சத்துக்கு ஏற்றும் எஃப்சிசிபி மட்டும் ஒவ்வொரு செல் வகைக்கும் 0.5-இலிருந்து 2 வரை ஏற்றிப் பாருங்கள். அளவு மிஞ்சினால் சுவாசம் ஏறாமல் இறங்கும், அதை "உபரித் திறன் இல்லை" என்று தவறாகப் படிப்பார்கள்.

பிளேட்லெட் கலப்பை மறந்துவிடாதீர்கள். அவையும் குளுக்கோஸை எரிக்கும். 120 ஜி-யில் 10 நிமிடம், இரண்டு முறை மெதுவாகக் கழுவுங்கள். உறையவைத்த செல்லாக இருந்தால் இளக்கியபின் ஓரிரவு ஓய்வு கொடுங்கள்.

தனித்தனி செல்லாகப் பார்க்க சீனித் முறை உதவும் (நம் சர்க்கரைச் சீனி இல்லை, 2020-இல் வந்த ஃப்ளோ சைட்டோமெட்ரி முறையின் பெயர்). செல்லின் ஏடிபி செலவில் பெரும்பங்கு புரதத் தயாரிப்புக்குப் போகிறது. புதிதாக உருவாகும் புரதத்தில் ப்யூரோமைசின் 10 மைக்ரோகிராம்/மிலி எவ்வளவு ஒட்டுகிறது என்று எதிர்பொருளால் அளக்கிறோம். நான்கு குழாய்: தடுப்பான் எதுவும் இல்லாதது (தடையற்றது), 2-டிஜி 100 மில்லிமோலார், ஒலிகோமைசின், இரண்டும் சேர்ந்தது. முழு நேரமும் சுமார் அரை மணிதான். குளுக்கோஸ் சார்பு = (தடையற்றது − 2-டிஜி) ÷ (தடையற்றது − இரண்டும்) × 100. ஓய்வு செல்லில் புரதத் தயாரிப்பே குறைவு என்பதால் பின்னணி ஒளிக்கும் தடையற்றதற்கும் இடைவெளி சிறியது. புரதத் தயாரிப்பை நிறுத்தும் ஹாரிங்டோனின் குழாய் ஒன்றைக் கீழ்வரம்பாக வைக்காவிட்டால் அந்த விகிதம் தாறுமாறாக ஆடும்.

இதோடு இரட்டைச் சாய வைரஸ் எச்ஐவி-ஜிகேஓ-வைச் சேர்க்கலாம். வைரஸின் சொந்தத் தூண்டியான எல்டிஆர் திறந்தால் ஜிஎஃப்பி; இஎஃப்1-ஆல்ஃபா தூண்டியிலிருந்து எப்போதும் ஆரஞ்சு நிற எம்கேஓ2. ஆரஞ்சு மட்டும் ஒளிர்ந்தால் உறங்குநிலை. ஆனால் தொற்ற வைக்கவே சிடி3/சிடி28 மணிகளால் செல்களைத் தூண்டுகிறோம். நான்கைந்து நாளில் அளந்தால் தூண்டலின் எரிப்பு இன்னும் தணிந்திருக்காது. செல்லின் அளவும் சிடி25-உம் இறங்கும்வரை காத்திருங்கள். 4% பாராஃபார்மால்டிஹைடில் பதப்படுத்திய பிறகே சைட்டோமீட்டருக்குக் கொண்டுபோங்கள்.

இரண்டு பொறிகள் இன்னும். குளுக்கோஸ் உறிஞ்சலை அளக்கப் பயன்படும் 2-என்பிடிஜி சாயம் டி செல்லுக்குள் போவது குளுக்கோஸ் கடத்திகளின் வழியைப் பிரதிபலிப்பதில்லை என்று 2020-இல் காட்டிவிட்டார்கள். கதிரியக்கக் குளுக்கோஸ் முடியாவிட்டால் குளுக்கோஸ் கடத்தியான குளுட்1-இன் மேற்பரப்பு அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எட்டோமாக்சிர் 200 மைக்ரோமோலாரில் கொழுப்பு எரிப்பை மட்டும் தடுக்காது, மைட்டோகாண்ட்ரியாவின் முதல் கூட்டையும் தொடும். நினைவு டி செல்லின் கொழுப்புச் சார்பு பற்றிய பழைய முடிவுகள் சிலவற்றை இதை மனதில் வைத்தே படிக்க வேண்டும்.

மருந்துப்பெட்டி

மூன்றாவது கேள்வி. இதைச் சிகிச்சையில் இருப்பவர்களும் படிப்பார்கள் என்பதால் நேராகவே சொல்கிறேன்: இன்றுவரை எந்த வளர்சிதை மருந்தும் மனிதரில் தேக்கத்தை ஒழித்ததில்லை.

மெட்ஃபார்மின்: நீரிழிவு இல்லாத, சிகிச்சையில் இருப்பவர்களுக்கு 12 வாரம் கொடுத்த ஒரு சிறு கனடிய ஆய்வு 2021-இல் வெளியானது. பெருங்குடலின் சிசிஆர்6 ஏற்பி உள்ள சிடி4 செல்களில் எம்டார் செயல்பாடு இறங்கியது. குடல் செல்களில் வைரஸ் ஆர்என்ஏ/டிஎன்ஏ விகிதமும் பலரிடம் குறைந்தது. அதாவது படியெடுப்பு அடங்கியது. ஒப்பீட்டுக் குழு இல்லாத முன்னோட்ட ஆய்வு அது. புரோவைரஸ் அகன்றது என்று அதை வாசிக்க இடமில்லை.

எம்டார் தடுப்பான்: உறுப்பு மாற்றம் செய்துகொண்ட எச்ஐவி உள்ளவர்களுக்கு ராபமைசின் வகையைச் சேர்ந்த எவரோலிமஸ் 6 மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் வைரஸ் டிஎன்ஏவும் ஆர்என்ஏவும் குறிப்பிடும்படி மாறவில்லை. ரத்தத்தில் மருந்தளவு 5 நானோகிராம்/மிலி-க்கு மேல் நின்றவர்களிடம் மட்டும் ஆர்என்ஏ குறைந்தது. இந்த வகை மருந்துகள் சிஒய்பி3ஏ4 என்ற நொதியால் சிதைபவை. அந்த நொதியைத் தடுக்கும் ரிட்டோனாவிர் அல்லது கோபிசிஸ்டாட் எடுப்பவரின் ரத்தத்தில் அளவு பல மடங்கு எகிறி நச்சாகும்.

அரசு கூட்டு மருந்து மையங்களில் தரும் டிஎல்டி மாத்திரையில் டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் இருக்கிறது. டோலுடெக்ராவிர், சிறுநீரகத்தில் மெட்ஃபார்மினை வெளியேற்றும் ஓசிடி2, மேட்1 கடத்திகளைத் தடுக்கிறது. நாளுக்கு ஒரு மாத்திரையிலேயே மெட்ஃபார்மினின் மொத்த வெளிப்பாடு 79% கூடுகிறது. நீரிழிவுக்காக இரண்டும் எடுப்பவருக்கு மெட்ஃபார்மின் நாளுக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஏற்கெனவே 2000 எடுப்பவர் டிஎல்டி-க்கு மாறும்போது இதைச் சொல்லாமல் விட்டால் வயிற்றுப்போக்கு, குமட்டலில் தொடங்கி, சிறுநீரகம் பலவீனமானவரிடம் லாக்டிக் அமில மிகைவரை போகலாம். டோலுடெக்ராவிர் கிரியாட்டினினையும் சற்று ஏற்றிக் காட்டும். வடிகட்டும் திறன் குறையாமலேயே சுரப்பு மட்டும் தடைபடுவதால் வருவது அது. உண்மையான வடிகட்டும் திறன் 30-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மினே கூடாது. தேக்கத்தைக் குறைப்பதற்காக என்று யாரும் சொந்தமாக வாங்கிப் போட வேண்டாம்.

"சர்க்கரையை நிறுத்தி வைரஸைப் பட்டினி போடலாம்" என்ற செய்தி அடிக்கடி சுற்றுகிறது. செல்லுக்குள் போகும் குளுக்கோஸை முக்கியமாகத் தீர்மானிப்பது அதன் மேற்பரப்பில் எத்தனை குளுட்1 நிற்கிறது என்பதே. உணவில் இனிப்பை விட்டாலும் உடல் ரத்தச் சர்க்கரையை 4, 5 மில்லிமோலாரில் பிடித்து வைத்திருக்கும். குளுட்1 அந்த அளவிலேயே நன்றாக ஓடும். இதை நம்பி மருந்தை விட்டவருக்கு ஆபத்து உறுதி. 2006-இல் வெளியான ஸ்மார்ட் ஆய்வில், சிடி4 எண்ணிக்கை பார்த்து மருந்தை விட்டுவிட்டு எடுத்தவர்களிடம் மரணமும் நோய்த்தொற்றும் கூடின.

கருவளை

மருந்துப்பெட்டி சொன்னதோடு ஒரு திருத்தமும் ஒரு சேர்க்கையும்.

திருத்தம் என் முதல் பதிலுக்கு. "ஓய்வு" என்று சொன்னதை அசையாமல் கிடப்பது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தேக்கத்தின் அரை ஆயுள் சுமார் 44 மாதம். அந்த வேகத்தில் வற்ற 70 ஆண்டுக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டார்கள். ஒவ்வொரு செல்லும் அத்தனை நாள் வாழ்வதால் வரும் எண் இல்லை அது. 2014-இல் இரண்டு குழுக்கள், ஒரே இடத்தில் புரோவைரஸ் பதிந்த செல்கள் குலமாகப் பெருகியிருப்பதைக் காட்டின. பிஏசிஎச்2, எம்கேஎல்2 மரபணுக்களுக்குள் பதிந்தவை அதில் குறிப்பிடத்தக்கவை. அதாவது இந்தச் செல்கள் அவ்வப்போது எரிபொருளை ஏற்றிக்கொண்டு பிரிகின்றன, பிறகு மீண்டும் அடங்குகின்றன. ஏதோ ஒரு நாள் ரத்தம் எடுத்து அளந்தால் பெரும்பாலும் அடங்கிய நொடிதான் அகப்படும்.

சேர்க்கை: கிளைக்கோலிசிஸைத் தடுப்பதைவிட எனக்கு நம்பிக்கை தருவது ஆக்சிஜனேற்றச் சமநிலைப் பக்கம். 2021-இல் வந்த ஓர் ஆய்வில், தொற்று உறங்குநிலைக்கு மாறும்போது கிளைக்கோலிசிஸ் இறங்கி, செல் பென்டோஸ் பாஸ்பேட் வழியையும் அது தரும் என்ஏடிபிஎச்-ஐயும் அதிகம் நம்பத் தொடங்கியது தெரிந்தது. அந்த என்ஏடிபிஎச் தயோரெடாக்சின், குளுட்டாதயோன் இரண்டையும் ஓட்டி, உறக்கத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. இரண்டையும் ஒருசேரத் தடுத்தால், முடக்குவாதத்துக்குப் பயன்பட்ட தங்க மருந்தான ஆரனோஃபினோடு குளுட்டாதயோன் தயாரிப்பைத் தடுக்கும் பிஎஸ்ஓ-வைச் சேர்ப்பது போல, வைரஸ் விழிக்கவும் செய்கிறது, செல்லும் பலவீனமாகிறது. உறங்கும் வைரஸை எழுப்பும் மருந்தான வொரினோஸ்டாட் 2012-இல் ஆர்என்ஏவை எழுப்பியும் தேக்கம் குறையாமல் போனதற்கு, எழுந்த செல் சாகாமல் நின்றதும் ஒரு காரணம். இந்த அணுகுமுறை அந்த இடத்தைத்தான் தொடுகிறது.

இளவெயில், உங்கள் அடுத்த சோதனையில் எந்தத் தடுப்பானைப் போட்டாலும், அதே தட்டில் தொற்று இல்லாத ஓய்வு சிடி4, சிடி8 செல்களையும் அதே அளவில் வைத்து இறப்பை எண்ணுங்கள். பத்து லட்சத்தில் ஒன்றைக் கொல்ல அண்டையிலுள்ள பத்தாயிரத்தைப் பலிகொடுக்கும் அளவு எது, அதற்குக் கீழே பயன் தொடங்கும் அளவு எது என்ற இரண்டு எண்ணும் வேண்டும். 2-டிஜி பற்றிய பல கட்டுரைகளில் முதல் எண்ணைத் தேடினாலும் கிடைப்பதில்லை.

இளவெயில்

சரி. 5 மில்லிமோலார் குளுக்கோஸ், டயலிசிஸ் சீரம், மேனோஸ் இணை, காலக்டோஸ் இணை, 6 மணி நேர ஆர்என்ஏ, 7-ஏஏடி; அடுத்த சுற்றில் சிடி8 கிணறும் சேர்க்கிறேன். குளூட்டமின் 37 டிகிரியில் தானாகவே சிதையுமே, அதற்கு?

தட்டுக்கிணறு

அலனைல்-குளூட்டமின் போடுங்கள், 2 மில்லிமோலார். சாதாரண குளூட்டமின் சிதைந்தால் அம்மோனியாவும் சேரும், அதுவே செல்லைத் தளர்த்தும். குளூட்டமின் இல்லாத கிணறு வேண்டுமென்றால் அன்றன்று கலந்த ஊடகம் மட்டும்.